ஒரே தோட்டத்தில் மேல்காடு சிவக்கிறது, கீழ்க்காடு பசுமையாக இருக்கிறது: தேயிலைச் சிலந்திப்பேனுக்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி – கோத்தகிரி சிறு விவசாயி (பிப்ரவரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எனக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. எல்லாம் அப்பா காலத்தில் நட்ட செடிகள். சாலையை ஒட்டிய ஒன்றேகால் ஏக்கரை மேல்காடு என்றும், ஓடையை நோக்கிச் சரியும் மீதிப் பகுதியைக் கீழ்க்காடு என்றும் வீட்டில் சொல்வோம். இரண்டிலும் ஒரே வகைச் செடிதான், ஒரே உரம்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில்தான் இரண்டையும் கவாத்து செய்தோம். ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாக, ஜனவரிக் கடைசியில் மேல்காட்டின் தாய் இலைகள் (கொழுந்துக்குக் கீழே செடியில் தங்கும் முதிர்ந்த இலைகள்) நடு நரம்பை ஒட்டிச் செம்புள்ளிகளாகத் தொடங்கி, பிப்ரவரி முடிவதற்குள் இலை முழுவதும் செம்பு நிறமாகி, மார்ச்சில் உதிரவும் தொடங்கிவிடுகின்றன. கொழுந்தின் அளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கீழ்க்காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டுமே இதைப் பார்க்கிறேன்.

முதல் ஆண்டு உறைபனி பட்டுக் கருகியது என்று நினைத்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தார் வெயில் தாக்கம் என்றார்கள். இந்த முறை கைப்பெருக்காடி வாங்கிப் பார்த்தபோதுதான், இலையின் மேற்பரப்பில் சிவப்பு நிற உயிர்கள் ஊர்வதும், அவற்றுக்கிடையே வெண்மையான தோல் துணுக்குகளும் சிவந்த உருண்டை முட்டைகளும் இருப்பதும் தெரிந்தன. சிவப்புச் சிலந்திப்பேன் என்று இப்போது ஐயமில்லாமல் அறிந்துகொண்டேன்.

இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம். மகளின் கல்லூரிச் செலவுக்காக, நான்கு ஆண்டுகளுக்கு முன் மேல்காட்டில் நிழலுக்காக நின்ற சில்வர் ஓக் மரங்களை ஏறத்தாழ முழுவதுமாக விற்றுவிட்டேன். கடந்த அக்டோபரில் தேயிலைக் கொசுவின் (கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சி) தாக்குதல் அதிகமாக இருந்ததால், கடையில் கொடுத்த பைரித்ராய்டு வகை மருந்தை மேல்காட்டில் மட்டும் இரண்டு முறை தெளித்தேன்.

நான் அறிய விரும்புவது இதுதான். வானிலை இரண்டு காட்டுக்கும் ஒன்றாக இருக்கும்போது பேன் மட்டும் ஏன் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கிறது? ஏப்ரலில் கோடை மழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஊரில் சொல்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்கலாமா, அல்லது இப்போதே மருந்து தெளிக்க வேண்டுமா?

பதில் 1 – ஆனைமலை, ஓய்வுபெற்ற தோட்ட அலுவலர்

நண்பருக்கு வணக்கம். வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. வானிலை இரண்டு காட்டுக்கும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கும் எனக்கும்தான் ஒன்று. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் பேனுக்கு வானிலை என்பது அது உட்கார்ந்திருக்கும் இலையின் மேற்பரப்பில் உள்ள சூடும் ஈரமும் மட்டுமே. நிழல் இல்லாத செடியில், நண்பகல் வெயிலில், இலையின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடிவிடும். நிழல் மரம் நிற்கும் இடத்தில் அது காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே சில்வர் ஓக் போன அன்றே உங்கள் மேல்காடு, கீழ்க்காட்டைவிட வெப்பமும் வறட்சியும் மிகுந்த வேறொரு ஊராக மாறிவிட்டது. செடிகள் அதே செடிகள் என்பதால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது சாலை. தார் போடாத சாலையா, அல்லது கல், மணல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையா என்று நீங்கள் எழுதவில்லை. எந்தத் தோட்டத்திலும் சிலந்திப்பேன் முதலில் தலைகாட்டுவது சாலையோர வரிசைகளில்தான் என்பதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இலையில் படியும் தூசு பேனைத் தின்னும் நன்மை செய்யும் பேன்களும் பொறிவண்டுகளும் நடமாடி இரை தேடுவதற்குத் தடையாகிறது. அந்தத் தூசின் மறைவில் சிலந்திப்பேன் நிம்மதியாகப் பெருகுகிறது. நல்ல மழை பெய்து இலை கழுவப்பட்ட பிறகு அதே வரிசைகளில் தாக்குதல் குறைவதற்கு, மழை பேனை அடித்துச் செல்வது ஒரு காரணம் என்றால், தூசு நீங்குவது இன்னொரு காரணம்.

மூன்றாவதாக, செடியின் நிலை. வேருக்கு நீர் போதாத செடியில் சாற்றின் தன்மை மாறுகிறது. பேனுக்கு எளிதில் உணவாகும் நைட்ரஜன் சேர்மங்களும் சர்க்கரையும் இலையில் அடர்த்தியாகின்றன. மேல்காட்டின் மண் ஆழம் குறைந்ததாகவோ, சரளையாகவோ இருந்தால் வறட்சி அங்கே பத்துப் பதினைந்து நாட்கள் முன்பே தொடங்கிவிடும். பொட்டாஷ் சத்துக் குறைந்த செடிகளையும் பேன் விரைவில் வீழ்த்தும். இரண்டு காட்டுக்கும் ஒரே உரம் போடுவது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் சரிவின் மேற்பகுதியில் மண்ணும் சத்தும் காலங்காலமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

கவாத்து செய்து நான்கு ஆண்டுகள் என்றீர்கள். அதுவும் முக்கியம். கவாத்துச் சுழற்சியின் கடைசி ஆண்டில் செடியில் முதிர்ந்த இலை மிகுதியாக இருக்கும். சிவப்புச் சிலந்திப்பேனுக்கு வேண்டியது அந்த முதிர்ந்த இலையின் மேற்பரப்புதான். கொழுந்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை. இதனால்தான் பலர் கொழுந்து பறிக்கும் மட்டத்துக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மட்டத்துக்குக் கீழே, செடியின் பக்கவாட்டில், வெயில் படும் பக்கத்துத் தாய் இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.

பைரித்ராய்டு பற்றி என்னைவிட நன்கு விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். என் பட்டறிவில், கொசுவுக்காக அதைத் தெளித்த காடுகள் அடுத்த வறட்சியில் சிவக்காமல் இருந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பதில் 2 – ஊவா மலையகம்

வணக்கம் ஐயா. இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் பெருந்தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான விடையை முன்னையவர் தந்துவிட்டார். எங்கள் நாட்டில் மழையும் காற்றும் இந்தப் பேனை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ‘ஜனவரியில் வரும் பூச்சி’ என்று இதை நாள்காட்டியோடு கட்டிப்போடுவது தவறு என்பதற்கு எங்கள் மலையே சாட்சி.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகளில் யூன் தொடக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே மேகம் மலையுச்சியில் நீரை இறக்கிவைத்துவிட்டு, எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்றாகத்தான் இறங்கி வருகிறது. அந்தக் கச்சான் காற்று வீசும் யூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே எங்களுக்கு வறட்சிக் காலம். உலகம் முழுவதும் பேர்பெற்ற ஊவாத் தேயிலையின் மணம் உருவாவதும் அந்தக் காய்ந்த காற்றில்தான். சிலந்திப்பேன் பெருகுவதும் அதே காற்றில்தான். மேற்குச் சரிவிலோ ஜனவரி தொடக்கம் மார்ச் வரை வறட்சி, அப்போது அங்கே பேன். நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு பகுதிகளுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஒரே இனப் பேன், ஒரே தேயிலை, ஆனால் பருவம் அரையாண்டு தள்ளி வருகிறது.

காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்தப் பேன் இலையின் மேல் மெல்லிய நூல் இழைக்கும். இலையில் கூட்டம் நெருங்கிவிட்டால் அந்த நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த செடிக்கு, அடுத்த மலைக்குப் போய்ச் சேரும். (எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பரப்பை ‘மலை’ என்றுதான் சொல்வோம், அங்கே நீங்கள் ‘காடு’ என்கிறீர்கள்.) கொழுந்துக் கூடையிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டும் போகும். அதனால் பேன் கண்ட மலையில் கடைசியாகக் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதை நாங்கள் ஒரு ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறோம். காலையில் முதலில் நல்ல மலை, பிற்பகலில்தான் சிவந்த மலை. செலவில்லாத வேலை இது.

இன்னொன்றையும் குறிப்பிட ஆசை. இந்தப் பேனுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது இலங்கையில், 1861-ஆம் ஆண்டில், தேயிலையில் அல்லாமல் கோப்பிச் செடியில் கண்டெடுத்துத்தான். அதனால்தான் இன்றைக்கும் அதன் பெயர் ‘ஒலிகோனிகஸ் கோஃபியே’ என்று கோப்பியைச் சுமந்து நிற்கிறது. கோப்பி இலைத்துரு நோயில் அழிந்து தேயிலை வந்தபோது, பேன் தன் இருப்பிடத்தை விட்டுப் போகவில்லை. அசாமில் 1868-இலேயே தேயிலையில் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

பதில் 3 – பூச்சியியல் ஆய்வு மாணவி

ஐயா, மூவரின் பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். இதில் எண்களோடு விளக்க வேண்டிய சில இடங்கள் இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வெப்பம். பேன்களுக்கு நம்மைப் போல உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் இல்லை. சுற்றுப்புற வெப்பமே அவற்றின் வளர்ச்சி வேகத்தைத் தீர்மானிக்கிறது. சிவப்புச் சிலந்திப்பேனின் வளர்ச்சி ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு டிகிரியும் வளர்ச்சிக்குப் பயன்படும் வெப்பம். நாளின் சராசரி 15 டிகிரி என்றால் பயன்படுவது 5. சராசரி 20 என்றால் 10. சராசரி 25 என்றால் 15. அதாவது காற்று 15-இலிருந்து 20 டிகிரிக்கு உயரும்போது நமக்கு லேசான கதகதப்பாக மட்டுமே தெரிவது, பேனுக்கு இரண்டு மடங்கு வேகம். முட்டையிலிருந்து வளர்ந்த பேனாவதற்குக் கடும் குளிரில் நான்கு வாரங்களுக்கு மேலும், வெதுவெதுப்பான நாட்களில் பத்துப் பன்னிரண்டு நாட்களும் ஆவதன் கணக்கு இதுதான். ஒரு பெண் பேன் நாளொன்றுக்கு நான்கைந்து முட்டைகளை இடுகிறது. ஆண் சேர்க்கை இல்லாமல் இட்ட முட்டையும் பொரிக்கும், ஆனால் அவை அனைத்தும் ஆண்களாகவே பிறக்கும். ஆகவே ஒரு செடிக்குக் காற்றில் பறந்து வந்த ஒற்றைப் பெண் பேன்கூட, பிறந்த அந்த ஆண்களோடு சேர்ந்து, ஒரு குடும்பத்தைத் தொடங்கிவிட முடியும். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் உங்கள் கீழ்க்காட்டில் மூன்று தலைமுறைகள் முடிந்தால், வெயில் நேராக விழும் மேல்காட்டில் ஐந்தாவது தலைமுறை நடந்துகொண்டிருக்கும். தலைமுறைக்குப் பத்து மடங்கு பெருக்கம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், இரண்டு தலைமுறை வேறுபாடு நூறு மடங்காகிவிடுகிறது. ‘மேலே சிவப்பு, கீழே பச்சை’ என்று நீங்கள் காணும் வேறுபாடு இப்படித்தான் உருவாகிறது. அதற்குப் பெரிய வெப்ப வேறுபாடு எதுவும் தேவையில்லை.

அடுத்தது ஈரப்பதம். சாறு உறிஞ்சும் பேன், உள்ளே போகும் மிகுதியான நீரைத் தன் உடல் வழியாக வெளியேற்றியாக வேண்டும். காற்று வறண்டிருந்தால் அது விரைவாக நடக்கிறது, பேன் இன்னும் அதிகமாக உண்கிறது, இன்னும் அதிகமாக முட்டையிடுகிறது. மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் இந்த வேகம் குறைவதோடு, பேன்களைத் தாக்கும் பூஞ்சைகளும் உயிர்பெறுகின்றன. உங்கள் ஓடையோரக் காட்டில் காலைப் பனி எட்டு ஒன்பது மணிவரை இலையில் நின்றால், அந்த இரண்டு மணி நேரமும் உங்களுக்கு நன்மையே.

இனி மழை. ‘மழை கழுவிக்கொண்டு போய்விடும்’ என்பது பாதி உண்மை, அந்த மீதிப் பாதிதான் நம்மை ஏமாற்றுகிறது. சிவப்புச் சிலந்திப்பேன் இலையின் மேற்பரப்பில் வாழ்வதால் கனமழையின் அடியை நேராக வாங்குகிறது. ஊர்ந்து திரியும் பேன்களில் பெரும்பகுதி ஒரு நல்ல மழையில் போய்விடும் என்பது சரிதான். ஆனால் நரம்புப் பள்ளங்களில் ஒட்டவைத்திருக்கும் முட்டைகள் அவ்வளவு எளிதில் போவதில்லை. தப்பிய பேன்கள் இலையின் அடிப்பக்கத்துக்கும் செடியின் உட்பகுதிக்கும் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆகவே ஏப்ரலில் இரண்டு நாள் மழை பெய்து, பிறகு மூன்று வாரம் வெயில் காய்ந்தால், முட்டைகள் பொரிந்து, புதிதாகத் துளிர்த்த செடியின் செழித்த சாற்றைக் குடித்து முன்பைவிட வேகமாகப் பெருகும். தொடர்ந்து சில வாரங்கள் பெய்யும் மழைதான் கூட்டத்தை உண்மையாகவே அடக்குகிறது. அசாமில் மார்ச் முதல் மே வரை உச்சத்தில் இருக்கும் பேன், ஜூனில் மழை நிலைத்த பிறகு சரிவதும், மழை இடைவெளி விட்ட ஆண்டுகளில் சரியாமல் நீடிப்பதும் இதனால்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதுவரை நாம் பேசியது ஒரே ஒரு பேன் இனத்தைப் பற்றி. தென்னிந்தியத் தேயிலையில் குறைந்தது ஐந்து இனங்கள் இருக்கின்றன, அவை வாழும் இடம் வேறுபடுவதால் வானிலைக்கு அவை தரும் மறுமொழியும் வேறுபடுகிறது. இளஞ்சிவப்புப் பேன் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இளம் இலைகளிலும் கொழுந்திலும் இருந்து அவற்றை வெளிறச் செய்து சுருட்டிவிடும். ஊதாப் பேன் முதிர்ந்த இலைகளில் இருந்து அவற்றைச் செம்பும் ஊதாவும் கலந்த நிறமாக்கும். இலையில் வெள்ளைத் தூள் தூவியதுபோல் தெரிவது அது உரித்த தோல்கள். கருஞ்சிவப்புப் பேன் இலையின் அடியில், காம்புக்கும் நடு நரம்புக்கும் அருகே குந்தியிருப்பதால் மழை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மஞ்சள் பேனோ இந்தக் கூட்டத்திலிருந்து முற்றிலும் விலகியது: அது விரும்புவது ஈரமும் நிழலும் இளந்துளிரும். நாற்றங்காலிலும், கவாத்துக்குப் பின் துளிர்க்கும் காட்டிலும் அது வரும். எனவே நிழல் மரம் நடுங்கள் என்று சொல்லும்போது, நிழலை அடர்த்தியாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருவமழைக்கு முன் கிளை கழிக்காத அடர்நிழலில் மஞ்சள் பேனும் கொப்புள நோய் என்னும் பூஞ்சை நோயும் பெருகும்.

பைரித்ராய்டு மருந்தைப் பொறுத்தவரை, முதல் பதிலில் ஐயா குறிப்பிட்டது ஆய்வுகளும் உறுதிசெய்த ஒன்று. அது சிலந்திப்பேனைப் போதிய அளவு கொல்வதில்லை. ஆனால் பேனைத் தின்னும் இரைபிடிப்பான் பேன்களையும், கறுத்த சிறிய பொறிவண்டுகளையும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களையும் அழித்துவிடுகிறது. நீங்கள் அக்டோபரில் தெளித்தீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து, காவல் இல்லாத காட்டில் வறட்சி தொடங்கியபோது பேனுக்குத் தடையே இருக்கவில்லை. கீழ்க்காட்டில் தெளிக்கவில்லை என்பதும் உங்கள் புதிரின் ஒரு பகுதியை விடுவிக்கிறது.

காத்திருப்பதா, தெளிப்பதா என்ற கேள்விக்கு எண்ணிப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. மேல்காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐம்பது செடிகளில் செடிக்கு இரண்டு முதிர்ந்த இலைகளைப் பறித்துப் பெருக்காடியில் எண்ணுங்கள். சராசரியாக இலைக்கு 4 பேன்களுக்கு மேல் இருந்தால் நடவடிக்கை தேவை என்பது இந்தியத் தோட்டங்களில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. தெளிப்பதாக இருந்தால் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கும் பேன்கொல்லியை மட்டும், செடியின் உட்பகுதியும் இலையின் இரு பக்கமும் நனையும்படித் தெளியுங்கள். பல பேன்கொல்லிகள் முட்டையைத் தொடுவதில்லை என்பதால், பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்து மீண்டும் எண்ணிப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் இரண்டாம் முறை தெளிக்க வேண்டும். அப்போது மருந்தின் வகையையும் மாற்ற வேண்டும். தெளித்த 7 நாட்களுக்குக் கொழுந்து எடுக்கக் கூடாது. கந்தகம் பயன்படுத்துவோர் கொளுத்தும் வெயிலில் தெளித்து இலையைக் கருகவிட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன், அதில் கவனமாக இருங்கள். வால்பாறையில் உள்ள உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் கூட்டமைப்பு) தேயிலை ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் குன்னூரிலும் ஒரு மண்டல மையம் உண்டு. தாக்கப்பட்ட இலைகளை எடுத்துச் சென்று காட்டினால் எந்த இனம் என்பதை உறுதிசெய்துகொள்ளலாம்.

பதில் 4 – பந்தலூர்

ஒரே ஒரு திருத்தம் சேர்க்க அனுமதியுங்கள். ஈரமான இடத்தில் பேன் வராது என்று இந்த உரையாடலைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை எங்களை நனைக்கிற அளவு உங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் வடிகால் இல்லாமல் நீர் தேங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே வேர் அழுகிச் செடி பலவீனமாகிறது. டிசம்பரில் மழை விட்டதும் முதலில் சிவப்பது அந்தப் பள்ளம்தான், மேட்டு நிலம் அல்ல. காற்றின் ஈரம் பேனை அடக்குகிறது. மண்ணில் தேங்கிய நீரோ செடியை நலியவைத்துப் பேனுக்கு வழிவிடுகிறது. கோத்தகிரி நண்பரின் கீழ்க்காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த செடிகள் ஓடையோரத்தில் நீர் நிற்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இரண்டடி ஆழத்தில் வடிகால் வெட்டிய பிறகு, மருந்து இல்லாமலேயே அந்தப் பள்ளத்தில் பாதிச் செடிகள் தேறின.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி சிறு விவசாயி (மார்ச் முதல் வாரம்)

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. சொன்னபடியே எண்ணிப் பார்த்தேன். நூறு இலைகளை எண்ணி முடிக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று; மனைவியும் உடன் உட்கார்ந்து எண்ணினார். மேல்காட்டில், சாலையிலிருந்து முதல் ஆறு வரிசைகளில் சராசரி இலைக்கு 11. அதற்கு அப்பால் 5. மேல்காட்டின் நடுவில் விற்காமல் விட்ட ஒரே ஒரு பெரிய சில்வர் ஓக்கின் கீழே இருபது செடிகளைத் தனியாக எண்ணினோம், அங்கே 2 கூட வரவில்லை. ஒரே மண், ஒரே மருந்து தெளித்த இடம், அந்த மரத்தின் நிழல் மட்டும்தான் வேறுபாடு. மரங்களை விற்ற அன்று கிடைத்த பணத்தை நினைத்துப் பார்த்தேன். அது தேவைக்குத்தான் போயிற்று, வருந்தவில்லை, ஆனால் மூன்று ஆண்டுகளாக இழந்த கொழுந்தை அதனோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

கீழ்க்காட்டுச் செடிகள் பற்றிப் பந்தலூர் நண்பர் கேட்டது மிகச் சரி. சிவந்த ஒன்பது செடிகளில் ஏழு, ஓடைக்கரையில் கால் வைத்தால் புதையும் இடத்தில் இருக்கின்றன.

சாலையோர ஆறு வரிசைகளுக்கும் அவற்றை அடுத்த மூன்று வரிசைகளுக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்ட மருந்தைத் தெளித்துவிட்டு, மற்ற பகுதியை வாரம் ஒரு முறை எண்ணலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அது சரியான முடிவுதானா? மேலும், சில்வர் ஓக் கன்று வைத்தால் நிழல் தர எத்தனை ஆண்டுகள் ஆகும்? அதுவரை என்ன செய்வது?

பதில் 5 – ஆனைமலை, ஓய்வுபெற்ற தோட்ட அலுவலர்

உங்கள் எண்ணிக்கையைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. காடு முழுவதும் தெளிக்காமல் பேன் மிகுந்த இடங்களில் மட்டும் தெளிப்பது சரியான முடிவே. எஞ்சிய பகுதியில் இருக்கும் பொறிவண்டுகள் பிழைத்து, தெளித்த வரிசைகளுக்குத் திரும்பி வர அது வழிவிடும். ஆனால் 5 என்று எண்ணிய பகுதியில், இலையில் முட்டை மிகுந்து, பொறிவண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால், அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் நான்கு நாட்களில் மீண்டும் எண்ணுங்கள். மார்ச்சில் ஒரு வாரம் என்பது நீண்ட காலம்.

சில்வர் ஓக் பயன்படும் நிழல் தர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். கன்றுகளை ஜூன் மழையில் வையுங்கள், முதல் கோடையில் கன்றுக்கு மூடாக்குப் போடுங்கள். அதுவரை இடைக்கால நிழலுக்கு முள்முருங்கைப் போத்துகளை ஊன்றலாம். உங்கள் ஊரின் உயரத்தில், குளிரில், எல்லாம் பிழைக்காது, ஆனாலும் சாலையோரத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். சாலைக்கும் முதல் வரிசைக்கும் இடையே தூசு தடுக்க ஓர் உயிர்வேலி அமைப்பது நிழலைவிட விரைவில் பலன் தரும். வறட்சியில் சாலையோரச் செடிகளின் மேல் வெறும் தண்ணீரை வேகமாகத் தெளித்துத் தூசைக் கழுவுவதும் நன்மையே. சிறு விவசாயிக்கு ஆறு வரிசை என்பது இயலக்கூடிய வேலை.

இந்த ஆண்டு மேல்காட்டைக் கவாத்து செய்யும் எண்ணம் இருந்தால், வெட்டிய பிறகு தண்டுகளில் தங்கிய பழைய இலைகளை உருவி எடுத்துவிடுங்கள்; அடுத்த தலைமுறை அவற்றில்தான் தங்கும். கவாத்தையும் மழை பார்த்துச் செய்யுங்கள், வறண்ட மண்ணில் நிற்கும் செடியை வெட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி சிறு விவசாயி (ஏப்ரல் கடைசி)

நிலவரம் தெரிவிக்கிறேன். சாலையோர வரிசைகளில் தெளித்துப் பன்னிரண்டாம் நாள் எண்ணியபோது சராசரி 3. இரண்டாம் முறை தெளிக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் மூன்று நாட்கள் நல்ல மழை பெய்தது. மழை விட்ட மறுநாள் இலைகள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன, ஊரில் எல்லோரும் பேன் போய்விட்டது என்றார்கள். ஆய்வு மாணவி எழுதியதை நினைவில் வைத்திருந்ததால் பெருக்காடியில் பார்த்தேன்: ஊர்வன அரிதாகவே இருந்தன, ஆனால் நரம்போரங்களில் முட்டைகள் அப்படியே இருந்தன. பதினான்கு நாட்கள் வெயில் அடித்த பிறகு நேற்று எண்ணியதில், தெளிக்காத பகுதியில் சராசரி மீண்டும் 4-ஐத் தொட்டிருக்கிறது. அங்கே இரண்டு இலைகளில் கறுப்புப் பொறிவண்டின் புழுக்களையும் கண்டேன், ஆகவே இன்னும் நான்கு நாட்கள் பொறுத்து எண்ணப்போகிறேன். ஓடையோரம் வடிகால் வெட்டும் வேலை நாளை தொடங்குகிறது. சில்வர் ஓக் கன்றுகள் நாற்பதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.